முதல் வேலைக்கு முந்திய வேலை

2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை கல்லடி, நாவலடிக் கரைகளுக்குள் கடல் புகுந்தது. அடுத்த சில நாள்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடசாலைகளும் கோயில்களும் முகாம்களாயின. எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, எந்த அமைப்பு எந்த ஊரில் நிற்கிறது, எங்கே மருந்து முடிந்துவிட்டது என்பதை ஒரே இடத்தில் பார்க்க வழியே இருக்கவில்லை. கொழும்பில் மென்பொருள் துறையில் வேலை செய்தவர்கள் தொண்டர்களாகக் கூடி, லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனின் ஒருங்கிணைப்பில், பி.எச்.பி. மொழியில் ஓர் இணையச் செயலியை எழுதினார்கள். அதற்குச் 'சகனா' என்று பெயர் வைத்தார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, தேவைகளின் பதிவு. தொடக்கத்தில் அதில் இருந்தவை பெரும்பாலும் இவைதான். 2005 இல் பாகிஸ்தானிலும் 2010 இல் ஹெய்ட்டியிலும் நிலம் நடுங்கியபோது அங்கும் அந்த மென்பொருள் பயன்பட்டது. சமூகப் பயன்பாட்டுக்கான 2006 ஆம் ஆண்டின் விருதை அமெரிக்காவின் ஃப்ரீ சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் அதற்கு வழங்கியது.

வேலை தேடுபவருக்கான நூலில் இந்தக் கதை எதற்கு? சகனாவின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. எந்த ஊர், எந்தக் கம்பஸ், எத்தனை சான்றிதழ் என்று அது யாரையும் கேட்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் அதில் பிழை திருத்தினார்கள், புதிய பகுதிகளை எழுதிச் சேர்த்தார்கள். 'அனுபவம் உண்டா' என்று நேர்முகத்தேர்வில் கேட்டால் அவர்கள் கையில் காட்டுவதற்கு ஒன்று இருந்தது. யாரும் சம்பளம் தராத வேலைதான். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் உண்மையாகவே பயன்படுத்திய வேலை.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து தகவல் தொழில்நுட்பத் துறைக்குள் நுழைய நினைக்கும் ஒருவருக்கு இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான்: முதல் வேலைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. தானே தேடி, தானே செய்து முடிக்க வேண்டும்.

மட்டக்களப்பில் பட்டம் பெற்றவரின் வழக்கமான பாதை வேறு. 2017 இல் காந்திப் பூங்கா முன்பாக வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை ஊர் மறந்திருக்காது. அரச நியமனத்துக்காகக் காத்திருப்பது இங்கே ஒரு தலைமுறையின் அனுபவம். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் கணினி படித்தவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஒரு மடிக்கணினியும் ஓரளவு இணைய இணைப்பும் இருந்தால், காத்திருக்கும் அந்த மாதங்களையே அனுபவமாக்கிக்கொள்ளலாம். வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பிப்பதை யாரும் நிறுத்தத் தேவையில்லை. விண்ணப்பித்துவிட்டு வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும்.

படிப்பு: எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்கக்கூடாது

இப்பகுதியில் படிக்க இடமில்லை என்ற நிலை இப்போது இல்லை. வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கலாம். தெற்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவருக்கு ஆரையம்பதி கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள் உள்ளன. தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாவின் இறுதியில் தொழிற்பயிற்சிக் காலம் ஒன்று கட்டாயம். இந்த வட்டாரத்தில் பலர் குறைத்து மதிப்பிடும் வாய்ப்பு அது. பயிற்சிக்காகப் போன இடத்திலேயே வேலையில் அமர்வது இத்துறையில் சாதாரணமாக நடக்கும் விஷயம்.

வீட்டிலிருந்தே படிக்க விரும்புகிறவருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம், பி.ஐ.ரி., நல்ல தெரிவு. முதல் ஆண்டோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா, மூன்றாண்டும் முடித்தால் பட்டம். குடும்பச் சூழல் காரணமாக நடுவில் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒன்று மிஞ்சும். மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் நிரலாக்கத்துக்கான இலவச இணையப் பாடநெறிகளை நடத்துகிறது.

இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் பாடநெறிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன்னால், இலவசப் பாடநெறி ஒன்றை முழுதாக முடித்துப் பார்ப்பது நல்லது. முடிக்க முடிந்தால் இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்கிறது என்று பொருள். முடிக்க முடியாவிட்டால் வேறு வழியை யோசிக்கலாம், நகையும் வீட்டில் இருக்கும். சான்றிதழ் பத்து இருப்பவரையும் ஒன்று இருப்பவரையும் நிறுவனங்கள் ஒரே கேள்வியால்தான் அளக்கின்றன: என்ன செய்திருக்கிறீர்கள்?

காட்டுவதற்கு ஒன்று

என்ன செய்வது என்ற இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். யூடியூப் பாடத்தைப் பார்த்து 'செய்யவேண்டியவை பட்டியல்' செயலி ஒன்றையும் கால்குலேட்டர் ஒன்றையும் செய்து, மூலநிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றுகிறார்கள். தேர்வாளர் அதே இரண்டையும் முந்திய நாள் பல விண்ணப்பங்களில் பார்த்திருப்பார். கற்றுக்கொள்ள அவை உதவும். வேலை பெற உதவமாட்டா.

நம் ஊர் ஆவணங்களையே எடுத்துக்கொள்வோம். கிழக்கிலும் வடக்கிலும் கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, சங்க அறிக்கை, பிரதேச செயலகக் கடிதம் என்று பல்லாயிரம் பக்கங்கள் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். கூகுளில் தேடினால் கிடைக்காது. அதை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்றை எழுதுவது தொடக்கநிலையாளருக்கு மிகச் சிறந்த பயிற்சி. மேலோட்டமாகப் பார்த்தால் ஓர் எழுத்துக்கு இன்னோர் எழுத்தைப் போடும் வேலைதான். உள்ளே இறங்கினால் சிக்கல் தெரியும். பாமினியில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்க வேண்டும்: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் 'க' முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். எனவே நிரல் எழுத்துகளை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் புரட்ட வேண்டும். அதைவிடக் கடினமானது 'கௌ'. பாமினியில் கொம்பு, 'க', 'ள' என்று அடித்தால் அது 'கௌ' ஆகவும் இருக்கலாம், 'கெள' ஆகவும் இருக்கலாம். 'கௌரவம்' என்ற சொல் இணையத்தில் இவ்வளவு இடங்களில் பிழையாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அகராதி வைத்துத் தீர்ப்பதா, விதி வைத்துத் தீர்ப்பதா என்று யோசிக்கும் இடத்தில் ஒருவர் மாணவர் நிலையைத் தாண்டி மென்பொருளாளராகச் சிந்திக்கத் தொடங்குகிறார்.

இப்படியான மாற்றிகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று தயங்க வேண்டாம். புலம்பெயர்ந்து வாழும் சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றியைப் பயன்படுத்தாத ஈழத்துத் தட்டச்சாளர் அரிது. உங்களுடையது அதற்குப் போட்டியாக வேண்டியதில்லை. ஒரு முழு வேர்ட் கோப்பை, அட்டவணையும் தலைப்பும் கலையாமல், ஒரே தடவையில் மாற்றினால் போதும். உங்கள் பழைய பாடசாலையின் ஐம்பது பக்க மலரை மாற்றிக் கொடுத்துவிட்டு, அதில் எங்கே எங்கே பிழைத்தது என்று எழுதி வைத்தால், அந்தக் குறிப்பே நேர்முகத்தேர்வில் பாதி நேரத்தை நிரப்பும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இன்னொரு நல்ல பயிற்சி. பழைய இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் புதியது பன்னிரண்டு இலக்கங்கள். பழையதில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைச் சொல்லும், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்று சொல்லும். பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இதிலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கும் நிரலை அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். ஆனால் எழுதியவர்களில் பலருக்கும் திகதி ஒரு நாள் தள்ளிப் போகும். காரணம், இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டுகளிலும் 29 நாள். மார்ச் 1 எப்போதும் 61 ஆம் நாள். பெண் என்றால் 561. இந்த ஒரு நாள் வித்தியாசத்தை மற்றவர் சொல்லாமல் தானே கண்டுபிடிக்கிறவரிடம் தரப் பரிசோதகருக்கான கண் இருக்கிறது. அந்தக் கண்ணைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

மூன்றாவது, ஒரு மனிதருக்காகச் செய்யும் வேலை. பாசிக்குடாவில் ஆறு அறை விருந்தினர் விடுதி நடத்துகிறவர் முன்பதிவைக் கொப்பியில் எழுதுகிறார். களுவாஞ்சிகுடியில் டியூட்டரி நடத்துகிறவருக்கு யார் இந்த மாதக் கட்டணம் தரவில்லை என்று பார்க்க ஒரு மாலை முழுவதும் தேவைப்படுகிறது. மருதமுனைக் கைத்தறிக்காரர் எந்த வடிவச் சாரம் எத்தனை மிச்சம் என்று மனதில் வைத்திருக்கிறார். இவர்களில் ஒருவரைப் பிடித்து, அவருக்கு வேண்டியதை மட்டும் செய்து கொடுத்து, மூன்று மாதம் அவர் பயன்படுத்துகிறாரா என்று போய்ப் பார்க்க வேண்டும். அவர் திரும்பவும் கொப்பிக்கே போய்விட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். தொலைபேசித் திரையில் எழுத்து சிறிதாக இருக்கலாம். மின்சாரம் போன நேரத்தில் பதிந்தது அழிந்திருக்கலாம். பல்கலைக்கழகத்தில் புள்ளி வாங்கும் செய்திட்டத்தில் இந்தப் பாடம் கிடைக்காது, அங்கே பயன்படுத்துகிறவர் என்று ஒருவர் இல்லை.

ஓர் எச்சரிக்கை. மற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண் அடங்கிய உண்மையான தரவை ஒருபோதும் கிட்ஹப்பில் ஏற்றக்கூடாது. காட்டுவதற்குக் கற்பனைத் தரவை உருவாக்கிக்கொள்ளுங்கள். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதை அறிந்திருக்கிறீர்கள் என்பதே உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும்.

மற்றவர் எழுதிய நிரலுக்குள்

சொந்தமாக ஒன்றைச் செய்வது ஒரு வழி. சகனாவில் சேர்ந்த மாணவர்களைப் போல, ஏற்கெனவே இருக்கும் பெரிய நிரலுக்குள் நுழைவது இன்னொரு வழி. திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிப்போருக்கான கூகுள் சமர் ஒஃப் கோட் திட்டம் 2005 இல் தொடங்கியது. முதல் பத்து ஆண்டுகளில் உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் அதற்கு மிகக் கூடுதலான மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அமெரிக்க, இந்தியப் பல்கலைக்கழகங்களும் அதற்குப் பின்னால்தான். அந்த மாணவர்கள் பிறவியிலேயே கெட்டிக்காரர்கள் என்று சொல்லி விட்டுவிட முடியாது. ஒரு தொகுதியில் தேர்வானவர் அடுத்த தொகுதிக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தார், அதுதான் அந்த எண்ணிக்கையை வளர்த்தது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கோவில்குளத்திலும் அப்படி ஒரு சங்கிலி உருவாக முதலில் ஒருவர் தேர்வானால் போதும். 2022 முதல் இந்தத் திட்டம் மாணவர் அல்லாதோருக்கும் திறந்திருக்கிறது. 18 வயது நிறைந்த, திறந்த மூல மென்பொருளுக்குப் புதியவர் எவரும் விண்ணப்பிக்கலாம். தேர்வாகிறவருக்கு உதவித்தொகையும் உண்டு.

2005 இல் சஞ்சீவ வீரவரணவும் நண்பர்களும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் தன் மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்தே வைத்திருக்கிறது. அது உருவாக்கிய 'பாலரினா' நிரலாக்க மொழியும் அப்படியே. புதியவர்களுக்கேற்ற எளிய பிழைகளுக்குத் தனி அடையாளமிடும் வழக்கம் இத்தகைய மூலநிரல் களஞ்சியங்களில் உண்டு. ஒரு வழிகாட்டிப் பக்கத்தில் உள்ள பிழையைத் திருத்துவதில் தொடங்கலாம். திருத்தம் ஏற்கப்படுவதற்கு முன் முகந்தெரியாத ஒருவர் உங்கள் நிரலைப் படித்து நாலு குறை சொல்வார். கோபப்படாமல் திருத்தி மறுபடி அனுப்பக் கற்றுக்கொண்டவருக்கு, அலுவலகத்தின் முதல் மாதம் பழகிய இடமாகவே இருக்கும்.

மட்டக்களப்பிலேயே ட்ரீம்ஸ்பேஸ் அகடமி, சமூகப் பிரச்சினைகளுக்குத் தொழில்நுட்பத்தால் தீர்வு தேடும் இளைஞர்களுக்குக் களமாக இயங்குகிறது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப், 'யாழ் கீக் சலஞ்ச்' என்ற போட்டியை நடத்திவருகிறது. இத்தகைய இடங்களுக்குப் போவதில் பரிசைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. கொழும்பு நிறுவனங்களில் வேலை செய்யும் தமிழ் மூத்தவர்களை நேரில் சந்திக்க முடியும். முதல் வேலைகளில் கணிசமானவை தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரையால் கிடைப்பவை. தெரிந்தவர் இல்லாதவர் தெரிந்துகொள்ளப் போக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் ஒரு சொல். 2022 இறுதியில் சட்ஜிபிடி வந்த பிறகு, நிரல் எழுதித் தர ஆள் தேவையா என்ற பயம் மாணவர்களிடம் இருக்கிறது. மாற்றம் உண்மையானது. எளிய நிரலை அது நொடியில் எழுதிவிடுகிறது. அதனால்தான் நேர்முகத்தேர்வில், 'இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்கள், இதை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்' என்று துருவிக் கேட்கிறார்கள். சட்ஜிபிடியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம், பிழை தேடலாம். ஆனால் விளக்க முடியாத ஒரு வரியைக்கூட உங்கள் பெயரில் வைத்திருக்கக்கூடாது.

பெயரில் தொடங்கும் விண்ணப்பம்

தன்விபரக் கோவையில் நம்மவர் பலர் தந்தை பெயர், மதம், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம், சாதாரண தரப் பெறுபேறு முழுவதும், உறவினரல்லாத இருவரின் விபரம் என்று இரண்டு பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். இது அரச விண்ணப்பத்தின் பழக்கம். மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு பக்கம் போதும். மேலே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், கிட்ஹப் முகவரி. அடுத்து நீங்கள் செய்தவை: என்ன பிரச்சினை, யார் பயன்படுத்துகிறார்கள், எந்த மொழியில் எழுதினீர்கள். அதன் கீழே படிப்பு. கேட்டால் மட்டும் மற்றவை.

பெயர் விஷயத்தில் தமிழருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதும் வழக்கம் நமக்கு. இணையப் படிவங்களோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கும். பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், பரீட்சைச் சான்றிதழில் வேறொன்று, லிங்க்ட்இன்னில் இன்னொன்று என்று இருந்தால், பின்னணி சரிபார்க்கும்போதும் வங்கிக் கணக்கு இணைக்கும்போதும் சிக்கிக்கொள்ளும். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். இதற்கு இன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

வேலைகளை டாப்ஜாப்ஸ் தளத்திலும் லிங்க்ட்இன்னிலும் நிறுவனங்களின் சொந்தத் தளங்களிலும் பார்க்கலாம். 'மென்பொருள் பொறியியலாளர்' என்ற பதவியை மட்டும் தேடுகிறவர் பல கதவுகளைத் தவறவிடுகிறார். இன்டர்ன், ட்ரெய்னி, தரப் பரிசோதகர், வாடிக்கையாளர் உதவிப் பொறியியலாளர் ஆகியவையும் முதல் படிகள். தரப் பரிசோதனை இரண்டாந்தர வேலை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அது தவறான எண்ணம். பொறுமையும் உன்னிப்பும் உள்ளவருக்கு அது முழு வாழ்க்கைத்தொழில், நிரல் எழுதும் பக்கம் மாற விரும்புகிறவருக்கும் உள்ளிருந்து மாறுவது எளிது. விளம்பரத்தில் 'ஒரு வருட அனுபவம்' என்று இருந்தால்கூட, காட்ட ஒன்று இருப்பவர் விண்ணப்பிக்கத் தயங்கக்கூடாது. நிறுவனங்கள் அங்கே எழுதுவது தங்கள் விருப்பத்தை, பல இடங்களில் அதில் நெகிழ்வும் உண்டு.

நேர்முகத்தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில். இங்கேதான் நல்ல திறமைசாலிகள் பலர் வாயடைத்துப் போகிறார்கள். இதற்கு ஆங்கில வகுப்பை விடப் பலன் தரும் பயிற்சி ஒன்றுண்டு: உங்கள் ஒரு வேலையை மூன்று நிமிடத்தில் விளக்கித் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். கேளுங்கள். மறுநாளும் செய்யுங்கள். இலக்கணம் பிசகினாலும் பொருள் தெளிவாக வந்தால் தேர்வாளர் குறை பிடிப்பதில்லை. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தேடிக் கண்டுபிடிப்பேன் என்று சேர்த்துச் சொல்பவருக்கு மதிப்பு கூடும். அலுவலகத்துக்குள் சாப்பாட்டு நேரப் பேச்சு சிங்களத்தில் இருக்கும். கொஞ்சம் சிங்களம் பழகிக்கொண்டு போகிறவருக்கு முதல் ஆண்டின் தனிமை குறையும்.

கொழும்பா, வாவிக்கரையா

துறையின் பெரும்பகுதி கொழும்பில்தான் இருக்கிறது. மட்டக்களப்பில் இருந்து போகும் ரயில் கொழும்புக் கோட்டையை அடையுமுன் மருதானையில் நிற்கும். தொழில்நுட்ப நிறுவனங்கள் கூடியுள்ள ட்ரேஸ் எக்ஸ்பர்ட் சிற்றி அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே. அத்தகைய இன்னொரு வளாகமான ஒரியன் சிற்றி தெமட்டகொடையில். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் தங்குமிடம் தேடுபவர், இன்டர்ன் உதவித்தொகையில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் என்ன மிஞ்சும் என்று முதலே கணக்குப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். முதல் சில மாதங்களுக்கு வீட்டில் இருந்து பணம் வர வேண்டியிருக்கும். அதை மறைக்காமல் குடும்பத்தோடு பேசுவது நல்லது. முடிந்தால் முதல் ஓரிரு ஆண்டுகள் அலுவலகத்திலேயே இருந்து பழகுவது சிறந்தது என்பதே இந்நூலின் கருத்து. பக்கத்து மேசையில் இருப்பவர் பிழை தேடுவதைப் பார்த்துக் கற்பதைத் திரைவழிச் சந்திப்பு தருவதில்லை. வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், முழுநேரத் தொலைப்பணியோ வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் போகும் ஏற்பாடோ உள்ள இடங்களைத் தேடலாம். 2020 க்குப் பிறகு அவை கூடியிருக்கின்றன.

ஊரில் இருந்தே ஃபைவர், அப்வேர்க் தளங்கள் வழியாக வெளிநாட்டு வேலை எடுப்போரும் உண்டு. இலங்கையில் பேபால் வழியாகப் பணம் அனுப்பலாம், பெற முடியாத நிலைதான் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதனால் பலரும் பயோனியரையோ நேரடி வங்கிப் பரிமாற்றத்தையோ நம்பியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு இருந்த வரிவிலக்கு முடிந்து, 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கு உச்சமாக 15 வீத வரி. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான தனிநபர் வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் தொடக்கத்தில் வரி கட்ட வேண்டியிராது. ஆனாலும் வரி இலக்கத்தைப் பெற்று, வந்த பணத்துக்கெல்லாம் பதிவு வைத்திருங்கள். பின்னாளில் வங்கிக் கடனுக்கும் விசாவுக்கும் அந்தப் பதிவு வேண்டும்.

கையெழுத்திடுமுன்

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்திடுகிறவர் பலர். பதவிப் பெயர், அடிப்படைச் சம்பளம், பயிற்சிக் காலம், விலகுவதற்கான முன்னறிவித்தல் காலம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் இருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனத்திடமிருந்து 3 வீதமும் போக வேண்டும். தகுதிகாண் காலத்தில் சேமலாப நிதி இல்லை என்று சொன்னால் அது சரியல்ல என்று பணிவோடு கேட்கலாம். விலகினால் இத்தனை இலட்சம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தால், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம்.

வேலைக்காகப் பணம் கேட்பவர் எவரும் வேலை தருபவர் இல்லை. வைப்புப் பணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முற்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அத்தோடு பேச்சை முடித்துவிடலாம். இதைவிட ஆபத்தானது வெளிநாட்டு ஆசை. அண்மைய ஆண்டுகளில், தாய்லாந்தில் கணினி இயக்குநர் வேலை, தரவுப் பதிவு வேலை என்று நம்பவைத்து அழைத்துச் செல்லப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, இணைய மோசடியில் ஈடுபடுத்தப்பட்டார்கள். சிலரை மீட்க அரசாங்கங்கள் பேச வேண்டியிருந்தது. ஆங்கிலமும் கணினியும் தெரிந்த, வேலை இல்லாத இளைஞர்களையே இந்தத் தரகர்கள் தேடுகிறார்கள். சுற்றுலா விசாவில் போகச் சொன்னால், நேர்முகத்தேர்வே இல்லாமல் பெரிய சம்பளம் சொன்னால், நிறுவனத்தின் முகவரியைத் தர மறுத்தால் போகக்கூடாது. வெளிநாட்டு வேலை தருவதாகச் சொல்லும் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதன் துரித அழைப்பு இலக்கம் 1989.